இழுத்துச் சென்ற வீடு

'வீட்டை விட்டுப் புறப்பட்டோம்' என்று எவரும் எளிதாகச் சொல்லிவிடலாம். மாலையில் திரும்பிவிடுவோம் என்று கதவைப் பூட்டுகிறவர் சொல்லும்போது அதற்கு ஒரு பொருள். திரும்புவோமா என்று அறியாமல் கதவைச் சாத்துகிறவர் சொல்லும்போது வேறொரு பொருள். நாங்கள் இருவரும் இரண்டாவது பொருளை முதலில் கற்றவர்கள். முதலாவதைக் கற்றுக்கொள்வதற்கு முதுமை வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதையும் பதினேழு அடி நீளமான ஒரு கரவன் வண்டியே எங்களுக்குக் கற்பித்தது. இக்கட்டுரையை நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகின்றோம். ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவூட்டினார். ஒருவர் மறைக்க விரும்பியதை மற்றவர் விட்டுவிடவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, பல இடங்களில் தங்கி, 1998இல் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்கு வந்து சேர்ந்தோம். ஊரில் ஆசிரியர்களாக இருந்த நாங்கள் அங்கே வேறு வேலைகளைக் கற்றோம். கணவர் பேருந்துச் சாரதியானார். மனைவி முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளரானார். பிள்ளைகள் படித்து, மணம் முடித்து, தத்தம் வழியே சென்றனர். இருவரும் ஓய்வு பெற்ற பின்னர் வீடு திடீரென அமைதியாயிற்று.

அந்நாட்டில் ஓய்வு பெற்றவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. மோட்டார் வண்டியின் பின்னால் கரவனைப் பூட்டிக்கொண்டு, குளிர்காலமாகிய யூன் முதல் ஓகஸ்ட் வரை வெப்பம் மிகுந்த வடக்கு நோக்கிச் செல்வார்கள். தலை நரைத்த இந்த நாடோடிகளை நெடுஞ்சாலை எங்கும் காணலாம். 'நீங்களும் ஒருமுறை போய் வாருங்கள்' என்று மகன் வற்புறுத்தி, பழைய கரவன் ஒன்றையும் வாங்கித் தந்தான். கட்டில், எரிவாயு அடுப்பு, கைகழுவும் தொட்டி, சிறு குளிர்சாதனப் பெட்டி, 80 லீற்றர் தண்ணீர்த் தாங்கி ஆகிய அனைத்தும் ஓர் அறையின் அளவுக்குள் அடங்கியிருந்தன. 2023 யூலை மாதம் புறப்படுவதென்று முடிவு செய்தோம்.

புறப்பாட்டுக்கு முதல்நாள் கரவனை நிறுத்துப் பார்க்கப் பொதுத் தராசு ஒன்றுக்குக் கொண்டு சென்றோம். இது வேண்டாத சடங்கு அன்று. கரவன் தாங்கக்கூடிய நிறைக்கு ஓர் எல்லை உண்டு. அதை மீறினாலோ, பாரமான பொருள்களைப் பின்புறத்தில் அடுக்கினாலோ, வேகமாக ஓடும்போது கரவன் இருபுறமும் ஆடத் தொடங்கும். முன்னால் இழுக்கும் வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். ஆதலால் பாரமானவற்றைத் தாழ்வாகவும் சில்லுகளுக்கு மேலாகவும் வைப்பார்கள். எங்கள் கரவன் அனுமதிக்கப்பட்ட நிறையைவிட 85 கிலோ கூடுதலாக இருந்தது.

வீட்டு முற்றத்தில் எல்லாவற்றையும் இறக்கினோம். இருபது கிலோ அரிசி. பத்துக் கிலோ மா. பருப்பு, சீனி, பால்மா. மெழுகுதிரிக் கட்டுகள், தீப்பெட்டிகள். ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. ஒரு முழு மருந்துப் பெட்டி. போகும் வழியில் நகரங்களும் அவற்றில் கடைகளும் உண்டு என்பது எங்களுக்குத் தெரியாததன்று. கட்டிலுக்கு அடியில், எல்லாவற்றுக்கும் கீழே, பொலித்தீன் உறையில் இருமுறை சுற்றிய ஒரு துணிப்பை கிடந்தது. அதனுள் பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், ஞானஸ்நானப் பதிவுகள், விவாகப் பதிவு, யாழ்ப்பாணத்துக் காணி உறுதி.

"இதேனப்பா இதுக்குள்ள?" என்று கணவர் கேட்டார்.

மனைவி நெடுநேரம் விடை சொல்லவில்லை. பின்னர், "வீட்டை விட்டுப் போறதெண்டால் எனக்கு இப்பிடித்தான் அடுக்கத் தெரியும்" என்றார்.

அப்போதுதான் எங்கள் இருவருக்கும் புரிந்தது. பொருள்களை அடுக்கியது மனைவியின் கைகள் மட்டுமல்ல. அரிசி போதுமா என்று இருமுறை கேட்டவர் கணவர். மண்ணெண்ணெய் விளக்கைத் தேடி எடுத்து வைத்தவரும் அவரே. நாங்கள் உல்லாசப் பயணத்துக்கு ஆயத்தம் செய்திருக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவுக்கு மீண்டும் ஒருமுறை ஆயத்தம் செய்திருந்தோம்.

அந்த இரவை இவ்விதழின் வாசகர் பலருக்கு நாங்கள் விவரிக்க வேண்டியதில்லை. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளியேறுமாறு ஒலிபெருக்கி சொல்லிச் சென்றது. மழை பெய்தது. அயலவர் ஒருவரின் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் இரண்டு பாய்கள், ஒரு பானை, மாதாவின் சுரூபம், சோர்ந்துபோன ஒரு முதிய தாய் ஆகியோருக்கும் ஆகியவற்றுக்கும் இடம் கிடைத்தது. நாங்கள் துவிச்சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். பத்து வயது மகன் அரிசிப் பையைச் சுமந்தான். ஏழு வயது மகள் துவிச்சக்கர வண்டியின் பாரில் அமர்ந்தபடியே உறங்கினாள். இலட்சக்கணக்கான மக்கள் ஒரே பாதையில் நகர்ந்தமையால், நாவற்குழிப் பாலத்தைக் கடப்பதற்குள் விடிந்துவிட்டது. கற்ற புத்தகங்களையும், பாட்டியின் ஆட்டுக்கல்லையும், கட்டிவைத்த நாயையும் விட்டு வந்தோம். நாயை அவிழ்த்துவிட்டோமா என்பதில் எங்கள் இருவருக்கும் இன்றுவரை ஒரே நினைவு இல்லை. மறு ஆண்டு சித்திரையில் தென்மராட்சியிலிருந்து திரும்பியபோது வீட்டுக்கு ஓடுகள் இல்லை. கதவு நிலைகளும் இல்லை. கிணற்றடி எலுமிச்சை மட்டும் காய்த்திருந்தது.

அன்று முற்றத்தில் இருந்தபடியே பொருள்களைப் பிரித்தோம். அரிசி ஐந்து கிலோவாயிற்று. விளக்கு வீட்டுக்குள் போயிற்று. துணிப்பையை இறக்குவதற்கு எவரும் சொல்லவில்லை. அது காகிதம்தானே, நிறை எவ்வளவு இருக்கப்போகிறது என்று மீண்டும் கட்டிலுக்கு அடியில் வைத்தோம்.

பிரிஸ்பேனிலிருந்து கேர்ண்ஸ் நகர்வரை கடலோரமாகச் செல்லும் புரூஸ் நெடுஞ்சாலை ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர். நாளொன்றுக்கு இருநூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடுவதில்லை என்று முடிவு செய்திருந்தோம். மாலையில் கரவன் தரிப்பிடம் ஒன்றை அடைந்து, வண்டியைச் சமநிலைப்படுத்தி, கால்களை இறக்கி, மின்வடத்தையும் தண்ணீர்க் குழாயையும் பொருத்தி, பக்கவாட்டுத் துணிக்கூரையை விரித்தால் வீடு எழுந்து நிற்கும். தொடக்கத்தில் இதற்கு ஒரு மணி நேரமும் ஒரு சண்டையும் செலவாயின. பின்னோக்கிச் செலுத்தும்போது கரவன் எதிர்ப்பக்கம் திரும்பும். வெளியே நின்று கை காட்டுபவர் 'இடம்' என்றால் யாருடைய இடம் என்பது வழக்காகும். நாற்பத்திரண்டு ஆண்டு இல்லற வாழ்வில் நாங்கள் மூவர் நால்வர் சூழாமல் தனித்து இருந்ததே அரிது. மாமியார், பிள்ளைகள், உறவினர், பின்னர் இரவுப் பணி, பகற்பணி. ஒருவர் எழுந்தால் மற்றவர் நகரவேண்டிய அந்தச் சிற்றறையில், ஒருவர் கோபமாய் இருப்பதை மற்றவர் அறியாமல் இருக்க வழியில்லை. இரண்டாம் வாரத்தில் அந்த ஒரு மணி நேரம் இருபது நிமிடமாயிற்று.

பண்டபேர்க் நகரை அணுகியபோது மண் சிவந்தது. எரிமலைக் குழம்பு உக்கி உண்டான மண் அது. எங்கள் வலிகாமத்துச் செம்மண்ணோ சுண்ணக்கல்லின்மேல் உண்டானது. பிறப்பு வேறாயினும் நிறம் ஒன்றே. கையில் எடுத்துப் பார்க்காமல் கடக்க முடியவில்லை. அங்கே மொன் ரெப்போ என்னும் கடற்கரை உண்டு. கோடையில் ஆமைகள் முட்டையிட வரும் கரை அது. நாங்கள் சென்றது குளிர்காலமாதலால் ஆமைகள் இல்லை. ஆனால் கரையருகே கருங்கற்களைச் சாந்தின்றி அடுக்கிய ஒரு நீண்ட மதில் நின்றது. கரும்புத் தோட்டத்துக்காக நிலத்தைத் துப்புரவாக்கியபோது பொறுக்கிய கற்களால் தென்கடல் தீவினர் கட்டிய மதில் அது.

1863 முதல் நாற்பது ஆண்டுக் காலத்தில், இன்று வனுவாட்டு, சொலமன் எனப்படும் தீவுகளிலிருந்து ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் குயின்ஸ்லாந்தின் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டனர். சிலர் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து வந்தனர். சிலர் ஏமாற்றியும் கடத்தியும் ஏற்றப்பட்டனர். பின்னர் 1901இல் வெள்ளையருக்கே நாடு என்னும் கொள்கையோடு ஒரு சட்டம் வந்தது. அதன்படி அவர்களுள் பெரும்பாலோர் 1908க்குள் திருப்பி அனுப்பப்பட்டனர். அங்கேயே பிறந்து வளர்ந்தோரின் குடும்பங்களும் கலைந்தன. வரும்போதும் அவர்களைக் கேட்டவர் இல்லை. போகும்போதும் கேட்டவர் இல்லை. எஞ்சியோரின் வழித்தோன்றல்களைத் தனியொரு சமூகமாக அவுஸ்திரேலிய அரசு ஏற்றுக்கொண்டது 1994இல்தான். அவர்களை அனுப்பிவைத்த அதே காலத்தில், 1903 முதல், சென்னைத் துறைமுகத்திலிருந்து எங்கள் மொழி பேசுவோர் பீஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றப்பட்டனர். அவர்களுக்காகப் பாரதியார் பாடியதைப் பள்ளியில் நாங்கள் கற்பித்திருக்கின்றோம். கற்பித்தபோது கரும்புத் தோட்டத்தைக் கண்டதில்லை. அந்த மதிலின் ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்தோம். வெயிலில் சூடாக இருந்தது. இருவரும் ஒன்றும் பேசாமல் கரவனுக்குத் திரும்பினோம்.

றொக்ஹம்டன் நகரின் வாயிலில் மகரக் கோட்டைக் குறிக்கும் தூண் ஒன்று உண்டு. ஆண்டில் ஒருநாள் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் தென்னெல்லை அது. அதைக் கடந்தால் வெப்பமண்டலம். மாமரங்களும் வாழையும் வேலிக்கு மேலாக எட்டிப் பார்க்கும் முருங்கையும் தென்படலாயின. கடற்கரையில் சவுக்கு மரங்கள் நிரையாக நின்றன. காரைநகர்க் கசூரினாக் கடற்கரையை நினைவூட்டிய அம்மரம் அந்தக் கரைக்கே சொந்தமானது என்பதை அங்குதான் அறிந்தோம். பனையைத்தான் காணவில்லை. வடக்கே செல்லச் செல்ல, கழிமுகங்களின் ஓரத்தில் முதலை எச்சரிக்கைப் பலகைகள் நின்றன. அழகிய கடலைப் பார்த்துக்கொண்டு கரையிலேயே இருந்தோம்.

தரிப்பிடங்களில் எங்களை வியப்பில் ஆழ்த்தியது ஒரு கேள்வி. இருபத்தைந்து ஆண்டுகளாக அந்நாட்டில், 'எங்கிருந்து வருகிறீர்கள்?' என்று எவராவது கேட்டால், அவர் எங்கள் நிறத்தைப் பார்த்து நாட்டைக் கேட்கிறார் என்று பொருள். இலங்கை என்போம், அடுத்து போரைப்பற்றிக் கேட்பார்கள், சுருக்கமாக எதையோ சொல்லி முடிப்போம். இங்கேயும் முதல் மாலையில் பக்கத்துக் கரவன்காரர் அதையே கேட்டார். வழக்கம்போல் இலங்கை என்றோம். அவர் சிரித்து, 'அது சரி, இன்று காலை எங்கிருந்து வந்தீர்கள்? வழியில் பாதை வேலை நடக்கிறதா?' என்றார். அன்றிலிருந்து விடையை மாற்றிக்கொண்டோம். 'இன்று காலை மக்கையிலிருந்து.' அவ்வளவுதான். எல்லோரும் வந்தவர்களாகவும் எல்லோரும் போகிறவர்களாகவும் உள்ள இடத்தில் நாங்கள் மட்டும் வந்தேறிகளாக இருக்கவில்லை.

மக்கையிலிருந்து வடக்கே இருபுறமும் கரும்பு. யூன் முதல் அறுவடைக் காலமாதலால், இரண்டடி அகலத் தண்டவாளத்தில் கரும்பு ஏற்றிய சிறு புகையிரதங்கள் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்தன. பேர்டெக்கின் ஆற்றங்கரையில் தங்கிய இரவில், அறுவடைக்கு முன் தோகையை எரிக்கும் தீ வானைச் சிவப்பாக்கிற்று. உறக்கத்திலிருந்து எழுந்த மனைவி, எரிவது என்ன என்று கேட்கவில்லை, செருப்பைத் தேடினார். 'கரும்புதான், கரும்புதான்' என்று கணவர் இருமுறை சொல்லவேண்டியிருந்தது. சொன்ன கணவரின் கையிலும் மோட்டார் வண்டியின் திறப்பு இருந்தது. சாம்பல் துகள்கள் துணிக்கூரையின்மேல் விழுவதைப் பார்த்தபடி வெகுநேரம் வெளியே அமர்ந்திருந்தோம்.

மறுநாள் அந்த ஆற்றின்மேல் உள்ள பாலத்தைக் கடந்தோம். 1,103 மீற்றர் நீளமான அந்த இரும்புப் பாலம் பத்தாண்டு உழைப்பின் பின் 1957இல் திறக்கப்பட்டது. அடியில் பாறை எட்டாமையால், பெருந்தூண்களை ஆற்று மணலுக்குள் வெகு ஆழத்துக்கு இறக்கி அதன்மேல் பாலத்தை நிறுத்தினார்கள். மணல்மேல் வீடு கட்டிய அறிவிலியின் உவமையைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை மறைக்கல்வி வகுப்பில் சொல்லியிருக்கின்றோம். பாறைமேல் கட்டியதாக நம்பிய எங்கள் வீடு ஓராண்டுகூட எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. பாறை கிடைக்காத இடத்திலும் மனிதர் கடந்துபோக வழி செய்ய முடியும் என்பதை அப்பாலத்தின் நடுவே, எதிரே ஒரு பார ஊர்தி நெருங்கி வர, அச்சத்தோடு எண்ணிக்கொண்டோம்.

இன்னிஸ்பெய்ல் நகரில் ஒரு ஞாயிறு. 1918ஆம் ஆண்டுச் சூறாவளியில் அந்நகர் சிதைந்தது. மீண்டும் எழுந்த நகரின் நடுவே 1928இல் திறக்கப்பட்ட நல்லாலோசனை மாதா ஆலயத்தில் திருப்பலி கண்டோம். பூசை முடிந்து தேநீர் அருந்தும்போது, இத்தாலியக் குடும்பத்தில் பிறந்த ஒரு முதிய பெண்மணி எங்களோடு பேசினார். 2006 மார்ச்சில் லாரி சூறாவளி அவருடைய கூரையைக் கொண்டுபோயிற்றாம். நாட்டின் வாழையில் பெரும்பகுதி அந்த ஒரே நாளில் சாய்ந்தது என்றார். 'கூரை போனபோது எதை எடுத்துக்கொண்டு வெளியேறினீர்கள்?' என்று மனைவி கேட்டார். அந்தக் கேள்வி அவருக்குப் புதிதாக இருந்திருக்கவேண்டும். சற்று யோசித்து, 'ஒன்றையும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அங்கே கூரை இருந்தது' என்றார். போகும்போது ஒரு சீப்பு வாழைப்பழம் தந்தார்.

எங்கள் பயணத்தின் முடிவிடம் துன்ப முனை. 1770 யூனில் குக் என்னும் மாலுமியின் கப்பல் அதற்கப்பால் பவளப்பாறையில் மோதிற்று. அவருக்குத் துன்பங்கள் தொடங்கிய இடமாதலால் அதற்கு அப்பெயரையே இட்டார். கப்பலை மிதக்கச் செய்வதற்காகப் பீரங்கிகளையும் பாரக்கற்களையும் கடலில் எறிந்தார்கள். அப்பீரங்கிகள் 1969இல்தான் கண்டெடுக்கப்பட்டன. குக் பெயரிடுமுன்னரும் அந்த முனை பெயரற்றுக் கிடக்கவில்லை. குக்கூ யலஞ்சி மக்களின் நிலம் அது. அங்கே செல்வதற்கு டெயின்றி ஆற்றைப் பாலமின்றி, வடத்தால் இழுக்கப்படும் மிதவையில் கடக்கவேண்டும். அப்பால் மலைப்பாதை ஒடுங்கியது, செங்குத்தானது. ஆகவே கரவனை ஆற்றுக்குத் தெற்கே கடலோரத் தரிப்பிடம் ஒன்றில் விட்டு, மோட்டார் வண்டியில் மட்டும் போய் வருவதென்று தீர்மானித்தோம்.

அதுவரை, கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அந்தத் துணிப்பை மனைவியின் தோளில் தொங்கும். அன்று காலை கணவர் வண்டியை இயக்கிவிட்டுக் காத்திருந்தார். மனைவி கரவனின் படியில் நெடுநேரம் நின்றார். பின்னர் உள்ளே சென்று வெறுங்கையோடு வந்தார்.

"எடுக்கேல்லையே?"

"இருக்கட்டும். பின்னேரம் வருவம்தானே."

துன்ப முனையில் அடர்ந்த மழைக்காடு கடல்வரை இறங்கி வருகிறது. காட்டுக்கு அப்பால் மணல்; மணலுக்கு அப்பால் பவளப்பாறைக் கடல். இரண்டுமே உலக மரபுரிமைகள். பார்க்கவேண்டியவை பல இருந்தன. ஆனால் உண்மையைச் சொன்னால், நண்பகலுக்குப் பின் எங்கள் மனம் காட்டில் இருக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. துணிக்கூரையை விரித்தபடி விட்டு வந்திருந்தோம். கொடியில் உடைகள் காய்ந்தன. ஒரு யன்னலைச் சாத்தினோமா என்பது ஐயமாக இருந்தது. மிதவைக்காகக் காத்திருந்த அரைமணி நேரம் நாவற்குழிப் பாலத்தை நினைவூட்டிற்று. இருவரும் செபமாலையைக் கையில் எடுத்தோம். எதற்காகச் செபிக்கிறோம் என்று ஒருவரை ஒருவர் கேட்கவில்லை.

இருள் சூழ்ந்த வேளையில் திரும்பினோம். கரவன் நின்ற இடத்தில் நின்றது. துணிக்கூரை அழகாகச் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. யன்னல் வெளியிலிருந்து சாத்தப்பட்டிருந்தது. உடைகள் பக்கத்துக் கரவனுக்குள் மடிக்கப்பட்டு இருந்தன. பெயர்கூட அறியாத அந்த முதியவர் அவற்றைக் கொண்டுவந்து தந்து, 'காற்று வந்தது. நீங்கள் வரத் தாமதமாகும் என்று நினைத்தேன்' என்றார். மனைவி நன்றி சொல்ல முயன்று, முடியாமல், படியில் அமர்ந்து அழுதார். அவர் அஞ்சிவிட்டார். உடைகளில் ஏதும் பழுது நேர்ந்ததோ என்று கணவரிடம் கேட்டார். இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின், விட்டுச் சென்ற ஒரு வீடு விட்டுச் சென்றபடியே எங்களுக்காகக் காத்திருந்தது என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? தேநீர் தயாரித்து அவரையும் அழைத்தோம்.

ஆறு வாரங்களின் பின் பிரிஸ்பேன் திரும்பினோம். அதே ஆண்டு டிசம்பரில் ஜாஸ்பர் சூறாவளியோடு வந்த பெருமழையில் டெயின்றிக்கு அப்பால் மலைச்சரிவுகள் பெயர்ந்து பாதை துண்டிக்கப்பட்டது. இன்னும் வடக்கே வுஜால் வுஜால் என்னும் பழங்குடிக் கிராமத்தின் மக்கள் உலங்கு வானூர்திகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். தொலைக்காட்சியில் அதைக் கண்டபோது அவர்கள் கையில் என்ன பை இருந்தது என்றுதான் நாங்கள் பார்த்தோம். வீட்டைத் திடீரென விட்டுப்போகும் துன்பம் எந்த நாட்டிலும் தீர்ந்துவிடவில்லை. எங்கள் ஊரிலும் தம் காணியை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவர்கள் இன்றும் உள்ளனர். அவர்களை மறந்து நாங்கள் ஆறுதல் அடைந்துவிட்டதாகச் சொல்லமாட்டோம். இரவில் மழை பலத்துப் பெய்தால் எங்களுள் ஒருவர் இன்னும் விழித்துக்கொள்கிறார்; மற்றவர் விழித்திருப்பதைக் கண்டு இருவரும் உறங்குகின்றோம்.

ஆபிரகாம் கூடாரத்தில் வாழ்ந்தார் என்று மறையுரைகளில் கேட்டிருக்கின்றோம். அவர் அழைக்கப்பட்டுப் புறப்பட்டவர். நாங்கள் விரட்டப்பட்டுப் புறப்பட்டவர்கள் என்று அக்காலத்தில் மனம் கசந்ததுண்டு. இப்போது அந்தக் கசப்பு சற்றுக் குறைந்திருக்கிறது. இரவுதோறும் கூடாரத்தை அடித்தவருக்கும் யாரோ ஓர் அயலவர் கயிற்றை இழுத்துப் பிடித்திருக்கக்கூடும்.

துணிப்பை இன்று கட்டிலுக்கு அடியில் இல்லை. எங்கள் வீட்டு அலுமாரியில், மற்றைய புத்தகங்களோடு ஒன்றாக நிற்கிறது. பொலித்தீன் உறையை மட்டும் இன்னும் கழற்றவில்லை. வருகிற யூலையில் மறுபடியும் வடக்கே போகலாமா என்று பேசிக்கொண்டிருக்கின்றோம்.